விட்டேன் என்ற வசனம்

பல்கிஸா என் மாமன் மகள். எங்கள் ஜிண்டர் ஊரில் அத்தை மகனும் மாமன் மகளும் கேலி பேசாமல் ஒருவரை ஒருவர் கடந்து போனால், இரண்டு வீட்டுக்கும் ஏதோ சண்டை என்று ஊர் நினைத்துக்கொள்ளும். அதனால் அவள் என்னைச் சந்தையில் பார்த்தாலும் சரி, பள்ளிவாசல் பக்கம் பார்த்தாலும் சரி, "ஏய் என் அடிமை, இன்னும் ஓடிப்போகலையா நீ?" என்று கூவுவாள்.

"உன்ன வித்துடலாம்னு அகடெஸ் வரைக்கும் போனேன். ஒட்டகத்துக்குக் கூட மாத்திக்க ஆளில்ல" என்பேன் நான்.

அவள் மருந்துக்கடையில் வேலை பார்த்தாள். வியாழக்கிழமைகளில் ஊர் வானொலி நாடகத்தில் நடிப்பாள். அங்கேதான் லவாலியைச் சந்தித்தாள். அவன் கூரே பக்கத்திலிருந்து வந்த பள்ளி ஆசிரியன். வரலாறு சொல்லிக்கொடுப்பான். நேரில் ஈயை விரட்டக்கூட யோசிக்கிற ஆள், வானொலியில் எப்போதும் கொடுமைக்காரப் புருஷனாகவோ ஏமாற்றுகிற தரகனாகவோதான் வருவான். அப்படி ஒரு குரல் அவனுக்கு. சந்தையில் வெங்காயம் விற்கிற கிழவிகள் அந்தக் குரலைக் கேட்டதும், "நீதானே அந்தப் பொண்ண வீட்ட விட்டுத் துரத்தினவன்? உனக்கு வெங்காயம் கிடையாது, போ" என்று விரட்டியிருக்கிறார்கள்.

என் மாமா அல்ஹாஜி தன்லாடி மாட்டுத் தரகர். சொந்தபந்தம் இல்லாத வெளியூர் வாத்தியாருக்கு மகளைக் கொடுக்க அவருக்கு மனமில்லை. பல்கிஸா அழவில்லை, சண்டை போடவில்லை. வருகிற வரன்களையெல்லாம், "நல்ல மனுஷன்தான் பாபா, ஆனா அவர் குரல் நல்லால்ல" என்று திருப்பி அனுப்பிக்கொண்டே இருந்தாள். கடைசியில் மாமாவே சிரித்துவிட்டார், நிக்காஹும் நடந்தது.

எங்கள் ஊரில் புருஷன் முன்னால் போவான், மனைவி நன்றாகப் பின்தங்கி வருவாள். லவாலி முன்னால்தான் போவான். கொஞ்ச தூரம் போனதும் குனிந்து செருப்பு வாரை இழுத்து இழுத்துச் சரிசெய்வான், அவள் பக்கத்தில் வந்து சேரும்வரை. பிறகு நடப்பான். அடுத்த திருப்பத்தில் மறுபடியும் வார் கழன்றுவிடும். பிர்னிப் பேட்டை முழுக்க அவனுக்குச் செருப்புக்கார வாத்தியார் என்று பெயர் வைத்துவிட்டார்கள். சலமத்து என்று ஒரு மகள் பிறந்தாள். அதற்கடுத்து உண்டான குழந்தை தங்கவில்லை. அதைப் பற்றி அந்த வீட்டில் யாரும் பேசி நான் கேட்டதில்லை.

இப்படி இருக்கும்போதுதான் ஹப்ஸத்து வந்தாள். எங்கள் ஊர்ப் பெண். நியாமேயில் சினிமா படித்தவள். ஒரு குறும்படத்துக்குக் கதை எழுதிக் கொண்டுவந்திருந்தாள். நான் கல்யாணங்களிலும் பெயர் சூட்டு விழாக்களிலும் வீடியோ எடுக்கிறவன். கேமராவுக்கு என்னையே சேர்த்துக்கொண்டாள். கதை இவ்வளவுதான். ஒருத்தன் கோபத்தில் மனைவியை தலாக் சொல்லிவிடுகிறான். சொன்ன மறுநிமிடமே அவனுக்குத் தெரிந்துவிடுகிறது என்ன செய்தோம் என்று. அவள் பாயைச் சுருட்டிக்கொண்டு அப்பா வீட்டுக்குப் போகிறாள். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் நினைத்து ஏங்குகிறார்கள், இருவருக்கும் நடுவில் ஊர் நிற்கிறது. அவ்வளவுதான் படம்.

"ஆப்பிரிக்காப் படம்னா சண்டை, பஞ்சம், அகதி முகாம், இதுதான் எல்லாரும் கேக்கிறாங்க" என்றாள் ஹப்ஸத்து. "நம்மாளுங்க ஒருத்தர ஒருத்தர் நெனச்சு ஏங்கவே மாட்டாங்களா? அத எடுக்கணும் எனக்கு."

மனைவி வேஷத்துக்கு அவளுக்குப் பல்கிஸாதான் வேண்டும். அந்நிய ஆண் ஒருவனோடு பல்கிஸா ஒரே முற்றத்தில் நிற்பதா என்று மாமா ஒத்துக்கொள்ளவில்லை. ஹப்ஸத்து விடாமல் நடந்தாள். மாமா கடைசியாகச் சொன்னார்: "சரி. ஆனா ஒண்ணு. புருஷனா நடிக்கிறவன் அவ புருஷனாவே இருக்கணும். அப்பத்தான் யாரும் ஒரு வார்த்த பேச முடியாது."

எல்லோருக்கும் சந்தோஷம். லவாலிக்கு ரொம்ப சந்தோஷம். படப்பிடிப்பையும் அவர்கள் வீட்டு முற்றத்திலேயே வைத்துக்கொண்டோம்.

ஹர்மத்தான் காற்று வீசுகிற காலம். மதிய வெளிச்சமே தூசியில் பால் மாதிரி இருந்தது. ஹப்ஸத்துவுக்கு அந்த வெளிச்சம் பிடித்திருந்தது. மற்ற காட்சிகள் எல்லாம் சுலபமாக முடிந்தன. தலாக் காட்சிதான் வரவில்லை. பல்கிஸா உரலில் கம்பு இடித்துக்கொண்டிருப்பாள். லவாலி வாசலிலிருந்து வந்து, "இந்தா பொண்ணே, உன்ன விட்டேன், மூணு தலாக்" என்று சொல்ல வேண்டும். வாயைத் திறப்பான். அவள் முகத்தைப் பார்ப்பான். சிரித்துவிடுவான். அவளும் உலக்கையோடு குலுங்கிச் சிரிப்பாள்.

"வானொலியில எத்தன பொண்டாட்டிய விட்டிருக்கீங்க! இப்ப என்ன?" என்றாள் ஹப்ஸத்து.

"அங்க மைக்கப் பாத்துச் சொன்னேன். மைக்கு திரும்பிப் பாக்காது" என்றான் அவன்.

கதையில் அந்த மனைவிக்கு ஸஅதே என்று பெயர். "ஸஅதே, உன்ன விட்டேன்" என்றுதான் ஹப்ஸத்து முதலில் எழுதியிருந்தாள். லவாலிதான் மாற்றச் சொன்னான். "எந்தப் புருஷன் பொண்டாட்டி பேரச் சொல்லிக் கூப்பிடுவான்? பாக்கிறவங்க சிரிப்பாங்க" என்றான். அது சரிதான் என்று பட்டது எல்லோருக்கும். பெயரை எடுத்துவிட்டோம். சிரிப்பு மட்டும் நிற்கவில்லை.

ஹப்ஸத்து அவனைத் தனியாக வேப்பமரத்தடிக்குக் கூட்டிப்போனாள். "அவங்க மேல உங்களுக்கு நெஜமாவே கோவம் வந்த நேரம் ஒண்ணு இருக்குமில்ல? அதையே நெனச்சுக்கிட்டு வாங்க. வேற எதுவும் வேண்டாம்" என்று சொன்னாள். அவள் குற்றமில்லை. நடிகர்களிடம் எல்லா இயக்குநர்களும் சொல்வதுதான்.

அவன் மரத்தடியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தான். எழுந்து வந்தான். நான் கேமராவில் கண் வைத்திருந்தேன். "உன்ன விட்டேன். மூணு தலாக்" என்றான். குரலை உயர்த்தவில்லை. கேமராச் சட்டகத்துக்குள் பல்கிஸாவின் கை உலக்கையோடு மேலேயே நின்றுவிட்டது. கதையில் அப்படி இல்லை. இடித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்றுதான் எழுதியிருந்தது.

ஹப்ஸத்து 'கட்' சொல்ல மறந்துபோனாள். கடைசியில் பல்கிஸாதான் உலக்கையைச் சாய்த்து வைத்துவிட்டு, "சரி, என்னத்தான் விட்டாச்சே. மத்தியானம் களி யாரு கிண்டுறது? டேய் அடிமை, நீ கிண்டு" என்றாள். எல்லோரும் சிரித்தோம். லவாலி தண்ணீர்ப் பானையண்டை போய் முகம் கழுவிக்கொண்டிருந்தான்.

படம் முடிந்து வந்ததும் இளைஞர் மன்றக் கூடத்தில் ஒரு ஞாயிறு மதியம் போட்டார்கள். மாமா புது நீல அங்கி போட்டுக்கொண்டு முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் எங்கள் பேட்டை மாலம் பஷார். பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்கிறவர், மாமாவின் சின்ன வயதுத் தோழர். படத்தின் முதல் பாதியில் புருஷனும் மனைவியும் ஒரே சுரைக்குடுவையில் கம்பும் பாலும் கரைத்த ஃபூரா குடிப்பார்கள். கூடத்தில் பெண்கள் முக்காட்டைக் கடித்துக்கொண்டு சிரித்தார்கள். அப்புறம் அந்த வசனம் வந்தது. யாரோ 'அம்மா!' என்றார்கள்.

மாலம் பஷார் மாமாவின் பக்கம் சாய்ந்து ஏதோ சொன்னார். நான் ஓரத்தில் நின்றிருந்தேன். மாமாவின் முகம் மாறுவதை மட்டும் பார்த்தேன். அவர் சொன்னதை மாமா பிறகு என்னிடம் சொன்னார். "சொன்னவன் உன் மருமகன்தானே? கேட்டவ உன் மகதானே? வேற ஒரு பேரு கூடச் சொல்லலையே தன்லாடி. உன்னன்னுதானே சொல்றான்."

மாமா எழுந்து போகவில்லை. படம் முடியும்வரை உட்கார்ந்திருந்தார். கை தட்டினார்கள். வந்து வந்து அவர் கையைப் பிடித்து வாழ்த்தினார்கள். அவரும் எல்லோருக்கும் கை கொடுத்தார். கூட்டம் கலைந்த பிறகு வெளியே வேம்பு நிழலில் மகளிடம், "குழந்தையத் தூக்கிக்கிட்டு நம்ம வீட்டுக்கு வாம்மா. ஒரு வார்த்த கேட்டுட்டு உன்ன அனுப்பி வச்சுடறேன்" என்றார்.

"என்ன கேக்கணும் பாபா?" என்றாள் பல்கிஸா, சிரித்துக்கொண்டே.

மாமா சொன்னார். அவள் லவாலியைத் திரும்பிப் பார்த்தாள். லவாலி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மாலம் பஷார் கெட்டவர் இல்லை. இதை நான் எல்லோரிடமும் சொல்கிறேன். நிக்காஹிலும் தலாக்கிலும் விளையாட்டாகச் சொன்னாலும் நிஜம்தான் என்று அவர் ஓதியிருந்தார். தெரிந்ததைச் சொல்லாமல் இருந்தால் நாளை மறுமையில் தான் பதில் சொல்ல வேண்டும் என்று பயந்தார். மாமாவும் பயந்தார். மகள் இனிப் புருஷனே இல்லாதவனோடு வாழ்ந்துவிடுவாளோ என்று.

மறுநாள் நாங்கள் பெரிய பள்ளிவாசலில் மாலம் ஸக்கரியிடம் போனோம். கிதாபுகள் நிறையப் படித்தவர். மாமா, லவாலி, படம் பிடித்த சாட்சியாக நான். அவர் எல்லாம் கேட்டுவிட்டு மெல்லச் சிரித்தார்.

"நான் இங்க உக்காந்து பசங்களுக்கு தலாக் பாடம் நடத்துறேன். வருஷம் முழுக்க அந்த வார்த்தையச் சொல்றேன். என் வீட்டுக்காரி எங்க போயிட்டா? அடுத்தவன் பேச்ச எடுத்துச் சொல்றது வேற. நடிக்கிறதும் அப்படித்தான்."

மாமா பெருமூச்சு விட்டார். அது அவ்வளவு பெரிய மூச்சு, முன்னால் இருந்த காகிதம் பறந்தது.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும், வழக்கத்துக்கு" என்று மாலம் லவாலியைப் பார்த்தார். "சொல்றப்ப உன் மனசுல என்ன இருந்துச்சு?"

நடிப்பு மட்டும்தான் என்று சொல்லியிருந்தால் எழுந்து வந்திருப்போம். லவாலி வாயைத் திறந்தான், மூடினான். நான் அவன் தொடையை இடித்தேன்.

"நல்லா வரணும்னு இருந்துச்சு" என்றான்.

"அது மட்டுந்தானே?"

"கோவத்த வரவழைச்சுக்கிட்டேன் மாலம். வரவழைச்சதுதான். ஆனா வந்தது நெஜமாவே வந்துச்சு."

"கோவம் இருக்கட்டும். அவள விடணும்னு நெனப்பு இருந்துச்சா?"

வெளியே யாரோ தண்ணீர் வண்டி இழுத்துப் போனார்கள். அந்தச் சத்தம் முடிந்ததும் லவாலி நிமிர்ந்தான். பிறகு, "தெரியல" என்றான்.

"தெரியலன்னா?"

"ஒரு மூச்சு நேரம். இருந்துச்சான்னு அன்னிலேருந்து நானே கேட்டுக்கிட்டிருக்கேன். இல்லைன்னு சத்தியம் பண்ண முடியல."

மாலம் ஸக்கரி தாடியைத் தடவிக்கொண்டு அவனையே பார்த்தார். "மனசுல ஆயிரம் வந்து போகும். அதுக்கெல்லாம் அல்லாஹ் கணக்குக் கேக்கிறதில்ல. தெரியலன்னா இல்லைன்னு எடுத்துக்கோ. உன் மனைவி உன் மனைவிதான். போய்க் கூட்டிக்கிட்டுப் போ" என்றார்.

மாமா வழியெல்லாம் என் தோளில் தட்டிக்கொண்டே வந்தார். வீட்டுக்கு வந்ததும் மகளை உட்கார வைத்து நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார். மாட்டுத் தரகர்களிலேயே பொய் சொல்லாத தரகர் என்று பெயர் எடுத்தவர். ஒரு வார்த்தையைக் கூட்டவும் மாட்டார், குறைக்கவும் மாட்டார்.

"தெரியலன்னா சொன்னாரு?" என்று கேட்டாள் பல்கிஸா.

"அதான் மாலம் தீர்ப்பு சொல்லிட்டாரே, கிளம்பு."

அவள் எழுந்து உள்ளே போனாள்.

லவாலி அன்றைக்கே அவளை அழைத்துப்போக வந்தான். சலமத்துவுக்கு வேர்க்கடலை மிட்டாய் வாங்கி வந்திருந்தான். பல்கிஸா அறையை விட்டு வரவில்லை. வாசல் திரைக்குப் பின்னால் நின்று பேசினாள். மாமியும் நானும் முற்றத்தில்தான் இருந்தோம். எங்களை அவர்கள் கவனிக்கவில்லை.

"வா, போகலாம்" என்றான் லவாலி.

"மரத்தடியில உக்காந்து எத நெனச்சீங்க?"

"அது எதுக்கு இப்ப?"

"சொல்லுங்க."

"படத்துக்காக நெனச்சது. விடு."

"நீங்க பொய் சொல்லத் தெரியாம மாலம்கிட்டயே உளறினவங்க. எங்கிட்ட மட்டும் ஏன் மறைக்கிறீங்க?"

அவன் குனிந்தான். செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். பிறகு சொன்னான். "கடையில நீ மருந்துப் பெட்டி தூக்கின அன்னிக்கு."

திரை அசையவில்லை. எனக்குப் புரிய நேரம் ஆனது. மாமி வாயைப் பொத்திக்கொண்டாள். இரண்டாவது குழந்தை வயிற்றில் இருந்தபோது, கடையில் ஆள் இல்லை என்று பல்கிஸா பெட்டிகளை இறக்கியிருக்கிறாள். அன்று மாலைதான் எல்லாம் போனது.

"அன்னிக்கு நீங்க எந்தலையத் தடவிக்கிட்டே இருந்தீங்க" என்றாள் திரைக்குள்ளிருந்து. "ஒரு வார்த்த சொல்லலையே. இத்தன நாள்ல ஒரு தடவ கூடச் சொல்லலையே."

"சொல்ல ஒண்ணும் இல்ல. உன் மேல தப்பில்லன்னு எனக்குத் தெரியும்."

"தெரியும். ஆனாலும் கோவம் இருந்துச்சு."

"இருந்துச்சு. எனக்கே தெரியாம எங்கயோ கெடந்துச்சு. அன்னிக்கு அது வேணும்னு தேடினப்ப வந்துடுச்சு. அவ்வளவுதான். வா, புள்ள தூங்கிடப் போவுது."

திரை லேசாக அசைந்தது. பிறகு வந்த குரல் வானொலியில் கேட்கிற குரல் மாதிரி தெளிவாக இருந்தது. "எனக்குக் கோவமில்ல. உங்க பக்கத்துல வந்து உக்காரணும்னுதான் இருக்கு. ஆனா நீங்க என்னத் தொடுறப்பல்லாம், இது ஆகுமா ஆகாதான்னு நெஞ்சு கேக்கும். அந்தக் கேள்வியோட எப்படி வாழறது? நீங்க இல்லைன்னு ஒரு வார்த்த சத்தியமாச் சொல்லுங்க. இப்பவே வரேன்."

லவாலி நின்றான். சொல்லிவிடுவான் என்று நினைத்தேன். நான் மனதுக்குள் சொல்லு, சொல்லு என்றுகூடக் கத்தினேன். அவன் திரையைப் பார்த்துக்கொண்டே நின்றான். அவன் கையிலிருந்த மிட்டாய்ப் பொட்டலத்தை சலமத்து வந்து பிடுங்கிக்கொண்டு ஓடினாள். அதற்குப் பிறகும் அவன் சொல்லவில்லை.

விடப்பட்டவள் காத்திருக்க வேண்டிய இத்தாக் காலம் அப்படியே போனது. மாமா இரண்டு தடவை மாலம் ஸக்கரியையே வீட்டுக்கு அழைத்து வந்தார். திரைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து அவர் அவளுக்கு எடுத்துச் சொன்னார். "சரிதான் மாலம், நீங்க சொல்றது சரியாத்தான் இருக்கும். என் மனசு ஏத்துக்கலையே, நான் என்ன பண்ணட்டும்?" என்றாள். அவர் எழுந்து போனார். மாலம் பஷாரே பயந்துபோய் வந்து, "நான் என் சந்தேகத்தச் சொன்னேன், அவ்வளவுதான். பெரியவர் சொல்றதக் கேளும்மா" என்று கெஞ்சினார். அவர் கண்ணில் நீர். அதையும் பார்த்தேன்.

ஹப்ஸத்து ஓடி வந்தாள். படத்தை அழித்துவிடுகிறேன், ஒரு பிரதி வைக்க மாட்டேன் என்றாள்.

"அழிச்சா, சொன்னது சொல்லாததாயிடுமா?" என்றாள் பல்கிஸா. "வேண்டாம். நீ கஷ்டப்பட்டு எடுத்தது."

படம் வாகடூகூவில் ஒரு குறும்பட விழாவுக்குப் போனது. லவாலிக்குச் சிறந்த நடிகர் பரிசு கிடைத்தது. வானொலியில் சொன்னார்கள். பள்ளியில் தலைமையாசிரியர் எல்லாப் பிள்ளைகளையும் வரிசையாக நிறுத்தி அவனுக்குக் கை தட்ட வைத்தார். கடைசி வரிசையில் பெரிய வகுப்புப் பையன்கள், அவர்களுக்கு என்ன தெரியும், "சார், அந்த வசனத்த ஒரு தடவ சொல்லுங்க சார்! சொல்லுங்க சார்!" என்று கத்தினார்கள். அவன் நெஞ்சில் கை வைத்தபடி நின்றதாகக் கேள்வி.

அப்போதுதான் என் அம்மா அந்த யோசனையைச் சொன்னாள். மூன்று தலாக் என்று வைத்துக்கொண்டாலும், அவள் வேறொருவரைக் கட்டி, அவர் விட்டுவிட்டால் பழையவனைத் திரும்பக் கட்டலாம். "நம்ம ஹமீஸு இருக்கானே. முறைப்பையன். நம்ம ஆளு. ஒரு மாசம் கட்டிட்டு விட்டுட்டான்னா எல்லாம் சரியாயிடும்" என்றாள் மாமாவிடம். மாமா அதைக் காதில் வாங்காத மாதிரி எழுந்து போனார். லவாலிதான் என் வீடியோக் கடைக்கு வந்தான். கேமராப் பைகளுக்கு நடுவில் உட்கார்ந்தான்.

"உங்கிட்ட கேக்கக் கூடாதது ஒண்ணு கேக்க வந்திருக்கேன்."

"அம்மா சொன்னதா?"

"பேருக்குத்தான்டா. நடிக்கிற மாதிரி."

"ஒரு தடவ நடிச்சது போதாதா லவாலி?"

"எனக்கு வேற வழி தெரியல."

"மாலம் ஸக்கரி கேட்டா அடிப்பாரு. விடறதுக்குன்னே கட்டறது பாவம்னு அவரே சொல்லியிருக்காரு."

"தெரியும். ஆனாலும் கேக்கறேன்."

நான் அவனைப் பார்க்கவில்லை. எதையாவது செய்ய வேண்டும் என்று லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தேன். பல்கிஸாவை நான் சின்ன வயதிலிருந்து என் பெண்டாட்டி, என் பெண்டாட்டி என்று கேலியாகக் கூப்பிட்டு வந்தவன். கேலியில்லாமல் ஒரு தடவைகூட யோசித்ததில்லை என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். "எனக்குப் பயமா இருக்கு" என்றேன். "கட்டினா அப்புறம் விட மாட்டேன்னு."

லவாலி தலையை ஆட்டினான். கோபப்படவில்லை. எழுந்து போனான். அதற்கப்புறம் ரொம்ப நாள் என் கடைப்பக்கம் வரவில்லை. எனக்கும் பல்கிஸாவுக்கும் இடையில் இருந்த கேலியும் அன்றோடு நின்றது. என்னைப் பார்த்தால் முக்காட்டை இழுத்துக்கொண்டு, "நல்லா இருக்கீங்களா?" என்றாள். என் வாழ்நாளில் அவள் என்னிடம் மரியாதையாகப் பேசி அன்றுதான் கேட்டேன்.

மறு வருஷம் மாராடியிலிருந்து மூத்தாரி என்பவர் பெண் கேட்டு வந்தார். மனைவியை இழந்தவர். மாவு மில் வைத்திருந்தார். மாமா எதையும் மறைக்காமல் சொன்னார். அவர் எல்லாம் கேட்டுவிட்டு, "அந்தப் பொண்ணுக்கு இதுல என்ன குத்தம்?" என்றார். பல்கிஸா தலையசைத்தாள். சலமத்துவை மாமியிடம் விட்டுவிட்டுப் போனாள். அதுதான் எங்கள் வழக்கம். மூத்தாரி எப்படியும் கொஞ்ச நாளில் விட்டுவிடுவார், அவள் வாத்தியாரிடம் திரும்பி வந்துவிடுவாள் என்று பேட்டையில் சிலர் பேசிக்கொண்டார்கள். லவாலியும் நம்பினான் என்றே நினைக்கிறேன். அவன் வீட்டில் உரல் அதே இடத்தில் இருந்தது. அவள் பாயை அவன் வெயிலில் காயவைத்துச் சுருட்டி வைப்பதைப் பக்கத்து வீட்டார் பார்த்திருக்கிறார்கள்.

பெருநாளுக்குப் பிறகு மாமா கொடுத்தனுப்பிய துணிகளோடு நான் மாராடி போனேன். மூத்தாரி வாசலுக்கே வந்து என் பையை வாங்கிக்கொண்டார். சத்தமாகச் சிரிக்கிற மனிதர். முற்றத்தில் பாய் போட்டு, கோழிக் குழம்பும் அரிசிச் சோறும் வைக்கச் சொன்னார். பல்கிஸா கொண்டுவந்து வைத்தாள். நிறைமாதம். முகம் கொஞ்சம் உப்பியிருந்தது.

சாப்பிட்டு முடித்ததும் மூத்தாரி கேட்டார். "தம்பி, அந்தப் படம் உங்க போன்ல இருக்குமே? ஊரே பாத்திருக்கு. நான் மட்டும் பாக்கல."

நான் பல்கிஸாவைப் பார்த்தேன். போனில் சார்ஜ் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன்.

"போடுங்க ஹமீஸு" என்றாள் அவள்.

மூத்தாரி போனை முழங்காலில் நிறுத்தி வைத்துக்கொண்டு பார்த்தார். பல்கிஸா பாத்திரங்களை எடுத்துக்கொண்டு போய்த் திண்டின்மேல் உட்கார்ந்து வெண்டைக்காய் நறுக்கினாள். அங்கிருந்து படம் தெரியாது. சத்தம் மட்டும் கேட்கும். வசனம் வந்தபோது அவள் கை நிற்கவில்லை. அவள் கையைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

படம் முடிந்தும் மூத்தாரி போனைத் திருப்பித் தரவில்லை. இருண்ட திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சிரிப்பு போயிருந்தது.

"இந்த ஆளுதானா?" என்றார் என்னிடம், மெல்ல.

"ஆமா."

"அவன் சொன்னதுக்கப்புறம் வாசல்ல நிக்கிறானே, அது நடிப்பா?"

"அது கதையிலயே இருக்குது" என்றேன்.

"இல்ல தம்பி. நான் நெறைய பேரப் பாத்திருக்கேன். ஒருத்தன் ஒரு பொண்ண இப்படிப் பாக்கிறத நான் பாத்ததில்ல." அவர் மனைவி இருந்த பக்கம் திரும்பினார். ஏதோ சொல்ல நினைத்தார். "கத்தி கையில பட்டுடாம பாத்து" என்றார். பிறகு அஸர் தொழுகைக்கு எழுந்து போனார். வாசலைத் தாண்டும்போது அவர் தோள்கள் தளர்ந்திருந்தன.

அவர் போன பிறகு பல்கிஸா கேட்டாள், தலை நிமிராமல்: "சாப்பிடுறாங்களா அவங்க?"

"சாப்பிடறான். பள்ளிக்கூடத்துக்குப் போறான். வெள்ளிக்கிழமை சலமத்துவக் கூட்டிக்கிட்டு சந்தைக்குப் போறான்."

"குழந்தை பெத்ததுக்கப்புறம் இவர் என்ன விட்டுடுவாரு, நீ திரும்பிப் போயிடலாம்னு அம்மா வீட்டுல யாரோ சொன்னாங்களாம். அப்படியெல்லாம் நெனக்க வேண்டாம்னு சலமத்து பாபாகிட்டச் சொல்லுங்க. இவர் விட மாட்டாரு. விடச் சொல்லி நானும் கேக்க மாட்டேன். இவர் எனக்கு என்ன கெடுதல் பண்ணாரு?"

"நீ நல்லா இருக்கியா?"

அவள் நறுக்கிய காயைச் சட்டியில் தள்ளினாள். "நல்லாத்தான் வச்சிருக்காரு" என்றாள்.

நான் ஜிண்டருக்குத் திரும்பியதும் லவாலியைத் தேடிப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். இடைவேளை. பிள்ளைகள் பந்தை உதைத்துத் தூசியைக் கிளப்பிக்கொண்டிருந்தார்கள். வகுப்பறைச் சுவர் நிழலில் நின்றான். அவள் சொல்லச் சொன்னதைச் சொன்னேன். அவன் கேட்டுக்கொண்டான். "அந்த ஆளு எப்படி?" என்றான்.

"நல்லவன்."

"நெஜமாவா?"

"நெஜமாவே நல்லவன் லவாலி."

அவன் கை சுண்ணாம்புக் கட்டியை உருட்டிக்கொண்டே இருந்தது. "கொஞ்சம் மோசமானவனா இருந்திருந்தா ஏதாவது செஞ்சிருப்பேன்" என்றான். "நல்லவன்கிட்ட போய் என்னத்தடா கேக்கிறது?"

மணி அடித்தது. அவன் வகுப்புக்குள் போனான். நான் கொஞ்ச நேரம் வெளியே நின்றேன். உள்ளே அவன் பாடம் நடத்துகிற குரல் கேட்டது.